கடைக்கு போர்டு உண்டு, கூட்டத்துக்கு?

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "பக்கத்துல கடை எங்க இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன கடை என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். முகத்தைப் பார்த்தே கை நீட்டி வழி சொல்லிவிடுவார்கள். கடை என்றால் இப்போது அந்தக் கடைதான்.

அதே ஆளிடம், "குடிய விட்டவங்க ஒண்ணா உக்காந்து பேசுற கூட்டம் ஒண்ணு நடக்காமே, அது எங்க?" என்று கேளுங்கள். மேலும் கீழும் பார்ப்பார். "ஜெபக்கூட்டமா?" என்பார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால், "அதுக்கு ஆஸ்பத்திரிக்குல்லா போணும்?" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டாவது கேள்விக்கு நாஞ்சில் நாட்டில் ஏன் சட்டென்று பதில் கிடைப்பதில்லை என்பதுதான் இங்கே விஷயம். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற பழைய பட்டிமன்றம் அல்ல. அதற்கு ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில், அது என்ன கூட்டம் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. பெயர் சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகள் என்று வேண்டுமானால் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். டாக்டர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது, கட்டணம் கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒரு அறையில் உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராகத் தன் கதையைச் சொல்கிறார்கள். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறார்கள். உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, விருப்பம் இருந்தால் போதும்.

இது ஆரம்பித்த கதையே தேடிப்போன கதைதான். 1935 மே மாதம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் வேலையாக ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்கு வருகிறார். வேலை ஊத்திக்கொள்கிறது. குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன. ஓட்டல் வரவேற்பறையில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன், பக்கத்தில் ஊர் தேவாலயங்களின் பட்டியல். அவர் பார் பக்கம் போகவில்லை. பட்டியலைப் பார்த்து வரிசையாகப் போன் போட்டார். அவர் கேட்டது போதகரை அல்ல, மருத்துவரை அல்ல. தன்னைப் போலவே குடியோடு போராடும் இன்னொருவரை! பல அழைப்புகளுக்குப் பிறகு டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணரிடம் போய்ச் சேர்ந்தார். பதினைந்து நிமிடம்தான் பேசுவேன் என்று வந்த டாக்டர் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அதைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

இந்தியாவுக்கு வந்ததும் இதே மாதிரிதான். 1957-ல் டெல்லியில் இருந்த ஒரு கனடாக்காரர், தானும் குடியிலிருந்து மீண்டவர், செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து ஆள் தேடினார். பம்பாயிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். அங்கிருந்து பரவியது.

கவனியுங்கள், இரண்டு இடத்திலும் ஆரம்பம் ஒரு விலாசம்தான். டெலிபோன் பக்கத்தில் ஒரு பட்டியல், பத்திரிகையில் ஒரு விளம்பரம். அமெரிக்காவிலேயே இந்த இயக்கம் முதல் ஐந்தாறு வருடம் நத்தை வேகத்தில்தான் போனது. 1941 மார்ச்சில் ஒரு பிரபல வார இதழ் இதைப் பற்றி விரிவாக எழுதியது. அந்த ஒரே வருடத்தில் உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 2,000-லிருந்து 8,000 ஆனது. குடிப்பவர்கள் திடீரென்று திருந்திவிடவில்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

சரி, குடியை விட இப்படி ஒரு கூட்டம் எதற்கு, மனசு வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதற்கான பதில் ஏற்கனவே தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது!

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். நேற்று இரவு வரை தினமும் கடைக்குப் போன மனிதர், இன்று காலை கருப்பு வேட்டி கட்டிக்கொண்டு 41 நாள் ஒரு சொட்டு தொடுவதில்லை. எப்படி முடிகிறது? சாமி பயம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பயம் மட்டும் இல்லை. அவரை ஊரே "சாமி" என்று கூப்பிடுகிறது. கூடக் குடித்தவர்களே "சாமி, வழி விடுங்க" என்று ஒதுங்குகிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, அதாவது கை நடுங்க ஆரம்பிக்கிற நேரத்துக்கு, போய் உட்கார ஒரு பஜனை இருக்கிறது. கேட்டுக்கொள்ள ஒரு குருசாமி இருக்கிறார், பல வருடம் மலைக்குப் போய் வந்தவர். கூட நடக்க, அதே விரதத்தில் இருக்கிற பத்துப் பேர். நாற்பத்தோரு நாளைக்கு அந்த மனிதர் தனியாக இல்லை.

மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய மறுநாள்? "மக்கா, மாலைய கழத்தியாச்சுல்லா, பொறவு என்ன?" அவ்வளவுதான். பஜனை முடிந்தது, குருசாமி அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சாயங்காலம் ஆறு மணி மட்டும் அப்படியே இருக்கிறது.

கிறிஸ்தவர் வீடுகளிலும் இதே கதைதான். தவக்காலம் முழுக்க கறி இல்லை, குடி இல்லை. ஈஸ்டர் அன்று மத்தியானம் விருந்தோடு எல்லாம் திரும்பி வந்துவிடும். கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும் அப்படித்தான். கயிறு இருக்கும் வரை விரதம் நிற்கும், அறுந்தால் அதுவும் அறுந்துவிடும்.

ஆக, நிறுத்துவது இங்கே பலருக்கும் கைவந்த கலை. சிலர் வருடத்துக்கு இரண்டு தடவை நிறுத்துகிறார்கள். நிறுத்திய நிலையிலேயே இருப்பதுதான் வரவில்லை. அதற்குத்தான் கூட்டம். ஏ.ஏ. கூட்டம் என்பது ஒருவகையில் மாலை கழற்றாத மண்டலம். அங்கேயும் ஒரு குருசாமி உண்டு. ஸ்பான்சர் என்பார்கள். முன்னாலேயே குடியை விட்டவர், ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டாலும் எடுப்பவர். 41 நாள் என்றெல்லாம் கெடு வைப்பதில்லை, இன்று ஒரு நாள் என்பதுதான் கணக்கு. நாளைக்கு மறுபடியும் இன்று ஒரு நாள்.

இது வெறும் நம்பிக்கையா என்றால், இல்லை. 2020-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தது. முழுமையாகக் குடியை விட்டு இருப்பது என்ற ஒரு விஷயத்தில், ஏ.ஏ.யும் அதில் போய்ச் சேரும்படி நோயாளியைத் தயார்ப்படுத்தும் சிகிச்சையும் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாக, பல நேரம் அவற்றைவிட நன்றாகவே வேலை செய்கின்றன என்று சொன்னது. எல்லாருக்கும் ஒத்துவரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. போய்விட்டு, நமக்கு இது சரிப்படாது என்று திரும்பியவர்களும் உண்டு. ஆனால் சரிப்படுமா படாதா என்று பார்ப்பதற்கே முதலில் போக வேண்டுமே!

தமிழ்நாட்டில் இந்த வழியை மருத்துவத்தோடு இணைத்துக் காட்டியவர் சாந்தி ரங்கநாதன். கணவர் டி.டி.ரங்கநாதனை 1979-ல் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். பெரிய தொழில் குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை, வெளிநாட்டு சிகிச்சைக்கும் வழி இருந்தது. அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த வருடமே, 1980-ல், சென்னையில் கணவர் பெயரில் குடிநோய் சிகிச்சைக்கென்று ஒரு அமைப்பை ஆரம்பித்தார். டி.டி.கே. மருத்துவமனை என்று இன்று எல்லாருக்கும் தெரிவது அதுதான். 1992-ல் பத்மஸ்ரீ. அந்த நிறுவனம் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் நடத்திய கிராம முகாம்கள் இன்னும் முக்கியம். நோயாளியை ஊரிலிருந்து பிரித்து சென்னைக்குக் கொண்டுபோகாமல், ஊரே இடம் கொடுத்து, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்தே சிகிச்சை பெற்று, சேர்ந்தே வெளியே வருகிற ஏற்பாடு. முகாம் முடிந்து போகிறவருக்கு அடுத்த தெருவில் இன்னொருவர் இருப்பார். குமரி மாவட்டம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஆனால் குமரி மாவட்டத்தில் குடியைப் பற்றிய பேச்சு எல்லாமே கடையைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

2015 ஜூலை 31 நினைவிருக்கலாம். மார்த்தாண்டம் பக்கம் உண்ணாமலைக்கடையில் ஒரு டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லி, சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் ஏறினார். பல மணி நேரப் போராட்டம். உயிரோடு இறங்கவில்லை. தமிழ்நாடு முழுக்கக் கொந்தளித்தது. மறு வருடத் தேர்தலில் மதுவிலக்கு பெரிய பேச்சானது. 2016 மே மாதம் ஜெயலலிதா மறுபடி பதவியேற்றதும் 500 கடைகளை மூடவும், காலை 10 மணிக்குத் திறப்பதைப் பகல் 12 மணியாக்கவும் உத்தரவிட்டார். 2017-ல் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500. 2023 ஜூன் 22-ல் ஸ்டாலின் அரசு இன்னொரு 500. அதற்குப் பிறகும் 4,829 கடைகள் இருந்தன.

இப்போது வருமானத்தைப் பாருங்கள். 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். 2024-25-ல் 48,344 கோடி. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 132 கோடி. கடை எண்ணிக்கை குறைகிறது, வசூல் ஏறுகிறது. வரி ஏற்றம், விலை ஏற்றம் எல்லாம் இதில் உண்டு. இருந்தாலும், கணக்குப் படித்த யாருக்கும் ஒன்று புரியும். கடையை மூடியதால் வாடிக்கையாளர் குறையவில்லை. அவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறார்.

சசிபெருமாளின் போராட்டம் வீண் என்று சொல்வதற்காக அல்ல இது. பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் கடை இருக்கக்கூடாது என்பதில் யாருக்கு என்ன மாற்றுக்கருத்து? ஆனால் ஒரு கடையை மூடும் அன்றைக்கு, அந்தக் கடையில் தினமும் நின்றவர்கள் அன்று சாயங்காலம் எங்கே போவார்கள் என்று யாராவது கேட்டார்களா? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்தக் கேள்விக்கு ஒரு கோரமான பதில் கிடைத்தது. கடைகள் ஒரே நாளில் மூடின. பக்கத்துக் கேரளாவில் குடி கிடைக்காமல் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் வார்னிஷ் குடித்துச் செத்தவர்கள் செய்தியில் வந்தார்கள்.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் ஒரு எண் இருக்கிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். மீதிப் பேர் எல்லாரும் உதவி வேண்டாம் என்று சொன்னவர்களா? பலருக்கு எங்கே போவது என்றே தெரியாது.

"தெரியாமல் என்ன, வெட்கம்தான் காரணம்" என்று ஒரு பதில் வரும். பாதி உண்மை. நாஞ்சில் நாடு சின்ன இடம். தோவாளையில் தும்மினால் பூதப்பாண்டியில் 'என்ன ஜலதோஷமா?' என்று கேட்கிற ஊர். யார் மகன், எந்தக் குடும்பம், பெண் எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். கூட்டத்துக்குப் போவதைப் பார்த்துவிட்டால் தங்கச்சி கல்யாணம் தட்டிப்போகுமே என்று பயப்படுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் குடிப்பது அந்த ஊருக்கே தெரியும். ரோட்டோரம் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்கள்தானே தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார்கள்! குடிக்கும்போது பார்க்கப்படுவதில் இல்லாத வெட்கம், விடும்போது பார்க்கப்படுவதில் வந்துவிடுகிறது.

இங்கேதான் ஏ.ஏ.யின் அந்த 'பெயர் சொல்லாமை' ஒரு பெரிய வரம். அப்பா பெயர் கேட்க மாட்டார்கள், ஊர் கேட்க மாட்டார்கள், ஜாதி கேட்க மாட்டார்கள். (குமரி மாவட்டத்தில் இந்த மூன்றையும் கேட்காத ஒரு இடம் இருப்பதே அதிசயம்.) உள்ளே கேட்டதை வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே பழக்கம் இன்னொரு பக்கம் பாதகமாகவும் போகிறது. உறுப்பினர் பெயரை மறைத்து வைப்பதோடு சேர்த்து, கூட்டம் நடக்கிற இடமும் நேரமும்கூட ரகசியம் போல ஆகிவிட்டன. ஏற்கனவே போகிறவருக்கு மட்டும் தெரிந்த விலாசமாக அது நின்றுவிடுகிறது.

ஏ.ஏ.யின் விதியே அப்படிக் கேட்கவில்லை. அவர்களுடைய பதினோராவது மரபு சொல்வது இதுதான்: விளம்பரம் செய்து இழுக்க மாட்டோம், பத்திரிகை, வானொலி, சினிமாவில் எங்கள் பெயரை வெளியிட மாட்டோம். பெயரைத்தான். இடத்தை அல்ல. அமெரிக்காவில் பக்கத்தில் எந்தக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று காட்டுவதற்கு செல்போன் செயலியே வைத்திருக்கிறார்கள். 'இங்கே, இந்தக் கிழமை, இத்தனை மணிக்கு' என்று ஒரு வரி எழுதி வைப்பது விளம்பரம் ஆகாது. பஸ் ஸ்டாண்டில் பஸ் நேரம் எழுதி வைப்பது விளம்பரமா?

எழுதாமல் விட்ட இடம் காலியாக இருப்பதில்லை. ஊர்ச் சுவர்களைப் பாருங்கள். 'குடியை மறக்கச் செய்யும் மருந்து. அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்.' கீழே செல்போன் நம்பர். இந்தச் சுவரொட்டிக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அதை நம்பி எத்தனை தாய்மார் ரசத்தில் பொடி கலந்திருக்கிறார்கள்! குடியை வெறுக்கச் செய்ய டைசல்பிராம் என்று ஒரு மருந்து டாக்டர்களிடம் உண்டு. சாப்பிட்டவர் தெரிந்தே சாப்பிட வேண்டிய மருந்து அது. அதன்மேல் மது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து வரும். தெரியாமல் கலந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த வகை, போன் போட்டால் வேனில் வந்து தூக்கிக்கொண்டு போகும் 'மறுவாழ்வு இல்லங்கள்'. எல்லாமே மோசம் இல்லை. ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்த இடமா என்று கேட்காமல் ஆளை அனுப்பக்கூடாது. அடி வாங்கித் திரும்பி, முதல் வேலையாகக் கடைக்குப் போனவர்கள் உண்டு.

இன்னொரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரிக் கூட்டங்கள் பெரும்பாலும் தேவாலய வளாகத்து அறைகளிலும் கிறிஸ்தவப் பள்ளி வகுப்பறைகளிலும் நடக்கின்றன. காரணம் எளிது. வாடகை இல்லாமல் அறை கொடுப்பவர்கள் அவர்கள். நல்ல காரியம். ஆனால் இது 1982-ல் மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறையச் சமமாக இருக்கிற மாவட்டம். சர்ச் காம்பவுண்டுக்குள் சாயங்காலம் நுழைகிற இந்துவைப் பார்த்து என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போனால் கடவுள் என்ற வார்த்தையும் வருகிறது. 'நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்றுதான் அவர்கள் பன்னிரண்டு படிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் கடவுள் சுடலைமாடனாகவும் இருக்கலாம், வைகுண்டராகவும் இருக்கலாம், கடவுளே இல்லை என்றாலும் அந்தக் கூட்டத்தையே பெரிய சக்தியாக நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இது உள்ளே போனவருக்குத்தான் தெரியும். வெளியே நிற்பவருக்குத் தெரிவது கட்டிடத்தின் உச்சியில் இருக்கிற சிலுவை மட்டும்தான். அதனால் ஒரு கூட்டமாவது நூலகத்திலோ, அரசுப் பள்ளியிலோ, பஞ்சாயத்து கட்டிடத்திலோ நடப்பது நல்லது. அறை கொடுக்க வேண்டியது ஊர். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வெளியாட்களிடம் ஏ.ஏ. நன்கொடை வாங்குவதும் இல்லை. டீ செலவுக்கு உறுப்பினர்களே போட்டுக்கொள்கிறார்கள்.

நேரமும் அப்படித்தான். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டுகிறவர் விடியுமுன்பே தோட்டத்தில் இருக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக் கூட்டம் அவருக்கு எட்டாது. மத்தியானம் வைத்தால் வருவார். தூத்தூர் பக்கம் ஆழ்கடல் போகிறவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே இருக்கிறார்கள். கரைக்கு வருகிற சில நாட்கள்தான் அவர்களுக்கு ஆபத்தான நாட்கள். கை நிறையக் காசு, செய்ய வேலை இல்லை. அந்த நாட்களைப் பார்த்துக் கூட்டம் வைக்க அந்தக் கரையில் இருப்பவர்களால்தான் முடியும். கொரோனாவுக்குப் பிறகு ஆன்லைனில் நடக்கிற கூட்டங்களும் உண்டு. மும்பைக்கோ வளைகுடாவுக்கோ போன குமரிக்காரர்களுக்கு அது உதவும். ஆனால் முதல் தடவை ஒரு மனிதரின் முகத்தை நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகுமா என்பது சந்தேகம்தான்.

ஒரு எச்சரிக்கை, இது முக்கியம். வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக்கூடாது. இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம். இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரிவது, பிதற்றுவது என்று முற்றினால் உயிர் போகலாம். அவருக்கு முதலில் வேண்டியது டாக்டர், பிறகுதான் கூட்டம். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது. போனில் கேட்க மத்திய அரசின் 14446 இருக்கிறது. மனநல உதவிக்கு 14416. இரண்டும் இலவசம். மருத்துவமனை உடம்பிலிருந்து விஷத்தை இறக்கிப் பத்துப் பதினைந்து நாளில் அனுப்பிவிடும். அனுப்பும் சீட்டில் மாத்திரை பெயர்கள் இருக்கும், அடுத்து வரவேண்டிய தேதி இருக்கும். அதற்குக் கீழே இன்னொரு வரி, பக்கத்தில் எங்கே எந்தக் கிழமை கூட்டம் என்று சேர்த்து எழுதினால் என்ன? சீட்டில் ஒரு வரி, வெளிநோயாளிகள் பகுதியில் ஒரு போர்டு. ஒரு நாளைக்கு 132 கோடி வாங்குகிற அரசுக்கு இந்த போர்டு செலவு தாங்காதா?

வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு போர்டு. அதில் ஏ.ஏ. மட்டும் இல்லாமல் அல்-அனான் பற்றியும் எழுத வேண்டும். குடிப்பவரின் மனைவி, அம்மா, பிள்ளைகளுக்கான கூட்டம் அது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஆரம்பித்தது. கணவர் வராவிட்டாலும் மனைவி போகலாம். பாட்டிலை ஒளித்து வைப்பது, முதலாளிக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வது, நகையை அடகு வைத்துக் கடனை அடைப்பது, இதையெல்லாம் வருடக்கணக்காகச் செய்து களைத்தவர்கள் அங்கே ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். நாஞ்சில் நாட்டில் குடிப்பவரைத் திருத்தும் பொறுப்பை எல்லாரும் அந்தப் பெண்ணின் தலையில்தான் கட்டுகிறார்கள். அவளுக்கு உட்கார ஒரு நாற்காலி போட்டவர்கள் குறைவு.

போர்டு வைத்த பிறகும் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறவர்கள் இருப்பார்கள். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாத பயம்தான் அதற்குக் காரணம். ஒன்றும் பெரிதாக நடக்காது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும், டீ இருக்கும். யாராவது ஒருவர் தன் பெயரை மட்டும், அதுவும் உண்மையான பெயராக இருக்க வேண்டும் என்றில்லை, சொல்லிவிட்டு "நான் ஒரு குடிநோயாளி" என்பார். மற்றவர்கள் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றரை மணி நேரம். அன்று காலையில் குடித்திருந்தாலும் போகலாம், கலாட்டா செய்யாமல் இருந்தால் போதும். கையெழுத்து வாங்க மாட்டார்கள், இனி தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்க மாட்டார்கள். பேச்சு சுற்றி வந்து உங்களிடம் நிற்கும்போது, "இன்னைக்குக் கேக்கத்தான் வந்தேன்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்காரர் பேச ஆரம்பித்துவிடுவார்.